வழும்பும் வாரியமும்

வில்லியனூரில் கடல் கிடையாது. ஆகவே கடல் தூய்மை உறுதிப்பாட்டு வாரியத்தை அங்கே வைத்தார்கள். ஒதியம்பட்டுச் சாலையில் ஒரு உரக்கடையின் மாடி. வாரியத்தின் இயக்குநர் தணிகைவேல் இதற்கு ஒரு காரணம் சொல்வார். கடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் கடல்மேல் பாசம் வந்துவிடும். பாசம் வந்தால் நடுநிலை கெடும். அவருடைய நடுநிலை பதினொரு ஆண்டுகளாகக் கெடாமல் இருந்தது. அவர் மேசைக்கு அருகே இருபது லிட்டர் கேனில் கடல் தண்ணீர் இருந்தது. மேலதிகாரிகள் வந்தால் அதைக் காட்டுவார்கள். கேனில் இருந்த தண்ணீர் தெளிவாக இருந்ததால் கடலும் தெளிவாக இருக்கிறது என்று மாதாமாதம் அறிக்கை போகும். மாசு: இல்லை.

அந்த மாடிப்படியில் ஒரு நாள் காலை கடலோரப் பனித்திட்டு மீனவர் பலராமன் மூடி போட்ட வாளியோடு ஏறினார்.

அலுவலகப் படி ஏறுவது அவர் குடும்பத்தில் வழக்கமில்லை. சுனாமி நிவாரண வரிசையில்கூட, தெருவில் எல்லோரும் வாங்கி முடித்த பிறகு கடைசியாகப் போய் நின்றவர் அவர். ஆனால் இது அம்மன் விஷயம். ஆடியில் கங்கையம்மன் கோயிலுக்குக் கொடி ஏறும் நாளில் விடிந்ததும் முதல் வலை இழுப்பது பலராமன் வீடு. அந்த வலையின் முதல் மீனைத் தாம்பாளத்தில் வைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து மஞ்சள் தடவி, வாசலைத் தாண்டிக் கோயிலுக்கு எடுத்துப் போவார்கள். நாலு தலைமுறையாக நடப்பது. கொடி ஏற இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

வலையோ பத்து நாளாகக் கனத்துக்கொண்டு வந்தது. மீனின் கனம் அல்ல. பழுப்பும் சாம்பலுமாக, மூக்குச்சளியைப் போல ஒரு வழும்பு. அதில் பிளாஸ்டிக் பைத் துணுக்கு, நைலான் நரம்பு, கறுப்பு எண்ணெய்ப் பொட்டு எல்லாம் ஒட்டிக்கொண்டு, டீசல் நாற்றம் அடித்தது. இதற்குள் சுற்றிக்கொண்டு வருகிற மீனை அம்மன் முன்னால் எப்படி வைப்பது? அதைச் சொல்லத்தான் வந்தார்.

மாசுப் பிரிவு அலுவலர் மரியதாஸ் வாளியின் மூடியைப் பேனாவால் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா பெரியவரே இது?"

"வழும்புங்க. வலை போட்டா இதுதான் ஏறுது. டீசல் நாத்தம் அடிக்குது பாருங்க. கவர் துணுக்கு எல்லாம் இதுலயே ஒட்டிக்கினு வருது."

"டீசலும் துணுக்கும் மாசு. அது நம்ம பிரிவு. சரி. இந்தக் கொழகொழப்பு?"

"அது கடல்ல தானா வருதுங்க."

"தானா வந்தா அது உயிரு. உயிர்ப் பிரிவு அந்தாண்ட." மரியதாஸ் இரும்பு பீரோவின் மறுபக்கத்தைக் காட்டினார்.

பீரோவின் மறுபக்கம் மஞ்சுளா என்ற அலுவலர் இருந்தார். எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார். "உயிர் மட்டும்னா வாங்கிக்குவேன். டீசல் அடிக்குதேங்க. டீசல் கலந்த உயிருக்கு எங்ககிட்ட படிவமே இல்ல."

பலராமன் மறுபடி பீரோவைச் சுற்றி வந்தார். "அந்தம்மா மாசுங்கறாங்க."

"மாசு மட்டும்னா நான் வாங்கிக்குவேன்," என்றார் மரியதாஸ். "ஒண்ணு பண்ணுங்க. ரெண்டையும் பிரிச்சு ரெண்டு வாளியில கொண்டாங்க. இது மாசு வாளி, இது உயிர் வாளின்னு எழுதி ஒட்டிக்கினு வாங்க. அரை மணி நேர வேலை."

"கடலே பிரிக்கல, ஐயா. நான் எப்படிப் பிரிப்பேன்?"

"கடல் எங்ககிட்ட மனு குடுக்கலியே. நீங்கதானே குடுக்கறீங்க?"

பலராமன் சொன்ன வேலையைச் செய்து முடிக்கும் வம்சம். பிரித்துப் பார்த்தார். மல் துணியில் வடிகட்டினார். வழும்பு துணியின் நூலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. போர்த் தண்ணீரில் அலசினார். தண்ணீரைக் குடித்து இரண்டு பங்காக உப்பியது. மீன் முள் எடுக்கிற இடுக்கியால் ஒவ்வொரு துணுக்காகப் பிடுங்கினார். துணுக்கோடு ஒரு நூலிழை வழும்பும் கூடவே நீண்டு வந்தது. வெயிலில் காய வைத்தார்; பலகையோடு பலகையாகிப் போனது. கரையில் அவர் வலையிலிருந்து வாரிக் கொட்டிய வழும்பு கூடை கூடையாகக் குவிந்தது.

அவர் மனைவி ருக்குமணி இதை நாலு நாள் பொறுத்தாள். "அண்ணன் தம்பி பாகத்தையே ஒரு மத்தியானத்துல பிரிச்சு வச்ச மனுசன். இந்தச் சளிகிட்ட தோத்துப் போயிட்டியே," என்றாள்.

"பாகத்துல ஆளுங்க பிரியணும்னு நெனைச்சாங்க. இது நெனைக்க மாட்டேங்குது."

ஐந்தாம் நாள் ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்தாள். சுகன்யா என்று பெயர். வாரியத்தில் ஒப்பந்த ஆராய்ச்சியாளர். உள்ளே மேசை ஒதுக்காததால் மாடிப்படித் திருப்பத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வேலை பார்ப்பவள். அந்தப் படியில் வாளி ஏறியதையும் இறங்கியதையும் பார்த்திருக்கிறாள்.

"வீணா கஷ்டப்படாதீங்க, ஐயா. இதைப் பிரிக்க முடியாது," என்றாள். "கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க தன்னைக் காப்பாத்திக்கக் கக்குற பசை இது. கடல்ல எப்பவும் உண்டு. ஆனா எண்ணெய், பிளாஸ்டிக் தூளு, ஈயம் எது வந்தாலும் இது புடிச்சுக்கும். அதுலயே சில கிருமி எண்ணெயைத் தின்னும், அது நல்லது. மிச்சமெல்லாம் கட்டியா சேந்து கனமாகி அடியில போய் உக்காரும். நண்டு தின்னும், சிப்பி தின்னும். அப்புறம் நாமதான்."

"அப்போ கடலு அழுக்கை முழுங்கி வச்சுக்குது. செரிக்கல."

"அதேதான், ஐயா. ரெண்டு வருஷம் முன்னாடியே அறிக்கை எழுதிட்டேன். மாசுப் பிரிவுல வைக்கிறதா, உயிர்ப் பிரிவுல வைக்கிறதான்னு தெரியாம அதுவும் என்கூடப் படிக்கட்டுலதான் கிடக்குது."

அவள் ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் வழும்பை எடுத்துக்கொண்டாள். கேட்டுவிட்டுத்தான் எடுத்தாள். அந்த வாரியத்திலிருந்து வந்தவர்களில் கேட்டு எடுத்தவள் அவள் ஒருத்திதான்.

அடுத்த வாரம் வாரியமே பனித்திட்டுக்கு வந்தது. 'கடல் தற்சுத்த நாள்' என்று பந்தல் போட்டார்கள். கடல் பக்கம் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று மேடையைக் கடலுக்கு முதுகு காட்டி அமைத்தார்கள். வில்லியனூரிலிருந்து அந்த இருபது லிட்டர் கேனை ஜீப்பில் ஏற்றி வந்து, மேடையில் மாலை போட்டு வைத்தார்கள். பின்னால் முப்பது அடியில் கடல் கிடந்தது. அதற்கு மாலை கிடையாது.

தணிகைவேல் பேசினார். சுகன்யாவின் அறிக்கையில் முதல் பக்கத்தைப் படித்திருந்தார். மாசு அடியில் போய் என்ன ஆகிறது என்பது இரண்டாம் பக்கத்தில் இருந்தது.

"பெரியோர்களே, தாய்மார்களே! கடலில் மாசு இருக்கிறதா என்று சிலர் கேட்கிறார்கள். பதினொரு ஆண்டுகளாக நானும் தேடுகிறேன். நாற்காலியை விட்டு எழாமல் தேடுகிறேன். கிடைக்கவில்லை! ஏன் கிடைக்கவில்லை? நுண்ணுயிர் என்கிற ஊழியன் தன் உடம்பிலிருந்து பசையைச் சுரந்து, எண்ணெயையும் பிளாஸ்டிக்கையும் கட்டிப் பிடித்துக்கொண்டு அடியாழத்துக்குப் போய்விடுகிறான். அவன் சம்பளம் கேட்டானா? பஞ்சப்படி கேட்டானா? சங்கம் வைத்தானா? அப்படிப்பட்டவன் செய்கிற வேலையில் நாமும் தலையிட்டால் அவன் மனம் என்ன பாடுபடும்? அதனால்தான் வாரியம் பதினொரு ஆண்டுகளாக ஒரு துரும்பையும் அசைக்காமல் அவனுக்கு முழு ஒத்துழைப்புக் கொடுத்து வருகிறது. இந்த அசையாமைக்குச் சென்ற ஆண்டு நமக்கு விருது கிடைத்தது என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்."

முன்வரிசையில் மரியதாஸும் மஞ்சுளாவும் கைதட்டினார்கள். பலராமன் எழுந்து நின்றார். தோளில் துண்டு இருந்தது, அதை எடுக்கவில்லை.

"அடியில போனதை நண்டு தின்னுது. நண்டை நாங்க தின்னுறோம். அதுக்கு வாரியம் இன்னா பண்ணுது, ஐயா?"

"அடி வேறு துறை," என்றார் தணிகைவேல். "எங்கள் அளவுகோல் ஒரு மீட்டர். அதற்குக் கீழே கடல் இருப்பதாக எங்களுக்கு எழுத்துமூலமாகத் தகவல் எதுவும் வரவில்லை."

"மேலேயும்தான் மெதக்குது. என் வலையில தெனம் நாலு கூடை ஏறுது. தோ, கரையில கொட்டி வச்சிருக்கேன், திரும்பிப் பாருங்க."

தணிகைவேல் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் முகம் சிவந்தது. "நாலு கூடையா? பணியில் இருக்கும் ஊழியர்களைக் கூடைக் கணக்கில் பணியிடத்திலிருந்து தூக்கிவந்து மணலில் கொட்டியிருக்கிறீர்களா?"

ஊர் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் ஊர் நிறுத்திக்கொண்டது.

மூன்றாம் நாள் வாரியத்தின் கடைநிலை ஊழியர் சாமிக்கண்ணு நோட்டீஸோடு வந்தார். 'பனித்திட்டுக் கடலில் மாசைப் பிடித்துக்கொண்டு பணியில் இருந்த நுண்ணுயிர்களை வலையால் அப்புறப்படுத்தி, அவற்றைப் பணிசெய்ய விடாமல் தடுத்த காலஞ்சென்ற கோதண்டபாணி மகன் பலராமனுக்கு' என்று அது தொடங்கியது. செத்துப் பதினெட்டு வருஷமான தகப்பனாரையும் விடாமல் இழுத்திருந்தார்கள். பலராமன் அந்த வரியில் நின்றுவிட்டார். அதற்குக் கீழே படிக்கவில்லை.

"கதவுல ஒட்டணும்னு உத்தரவுங்க," என்றார் சாமிக்கண்ணு. பிறகு ருக்குமணி பக்கம் திரும்பி, "பசை எடுத்தார மறந்துட்டேன். கொஞ்சம் சோத்துக் கஞ்சி இருந்தா குடும்மா."

"எங்க வூட்டு மானத்தைக் கதவுல ஒட்டறதுக்கு எங்க வூட்டுக் கஞ்சியா? போய்யா அந்தாண்ட!"

சாமிக்கண்ணு சுற்றுமுற்றும் பார்த்தார். சுவரோரம் வாளி இருந்தது. உள்ளே கையை விட்டு ஒரு பிடி வழும்பை அள்ளி, நோட்டீஸின் முதுகில் தடவி, கதவில் அறைந்தார். முப்பத்திரண்டு வருட உத்தியோகத்தில் அவர் ஒட்டியவற்றில் மூலை தூக்காமல் உட்கார்ந்த முதல் காகிதம் அதுதான்.

விளக்கு வைக்கிற நேரத்தில் ஊர்த்தலைவரான நாட்டார் தேசப்பன் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பலராமா, நீ தப்புப் பண்ணலன்னு ஊருக்கே தெரியும். ஆனா கதவுல காகிதம் கீது."

பலராமனுக்கு அவர் சொல்வது புரிந்தது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் கடன்பட்டவன் வீட்டில் ஜப்தி செய்ய உய்சியே என்ற அமீனா வந்து கதவில் காகிதம் ஒட்டுவான். அப்படி ஒட்டிய கதவைத் தாண்டி அம்மன் மீன் வெளியே வரக்கூடாது. காகிதத்தை ஒட்டினவனே வந்து எடுக்கவேண்டும், வீட்டுக்காரன் கிழிக்கக்கூடாது. இது ஊர்க் கட்டு.

"இது ஜப்தியாய்யா? சளி வாரிப் போட்டதுக்குக் குடுத்த காகிதம்!"

"எதுக்குக் குடுத்தா இன்னா, சர்க்கார் காகிதம். அந்தக் கட்டைப் போட்டதே உங்க தாத்தாதானே? அவரு பேச்சை நான் மீறலாமா, நீ மீறுவியா? கொடிக்குள்ள எடுக்க வச்சுடு. இல்லன்னா இந்த வருஷம் முதல் வலையை வேற வூட்டுக்குத்தான் குடுக்கணும்."

போகும்போது கதவைப் பார்த்துவிட்டுப் போனார். தெருவில் போகிறவர்கள் எல்லோரும் கதவைப் பார்த்துவிட்டே போனார்கள்.

அந்த வாரம் வில்லியனூரில் வேறொரு கலவரம். மாத அறிக்கை தட்டச்சு செய்துகொண்டிருந்த மஞ்சுளா, நோட்டீஸின் நகலைப் பார்த்து நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். அறிக்கையில் 'மாசு: இல்லை' என்று இருந்தது. நோட்டீஸில் 'மாசைப் பிடித்துக்கொண்டு' என்று இருந்தது. இயக்குநரின் கையெழுத்தும் முத்திரையும் அதன் கீழே இருந்தன. பதினொரு ஆண்டுகளில் பனித்திட்டுக் கடலில் மாசு இருக்கிறது என்று வாரியம் எழுதிக்கொடுத்த ஒரே தாள் பலராமன் வீட்டுக் கதவில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஜீப் வந்தது. தணிகைவேல், மரியதாஸ், மஞ்சுளா, சாமிக்கண்ணு நாலு பேரும் இறங்கினார்கள்.

"நோட்டீஸ் ரத்து," என்றார் தணிகைவேல். "தங்கள் குடும்பத்தின் மேல் வாரியத்துக்கு எப்போதுமே மரியாதை உண்டு. மூலப் பிரதியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம்."

"எடுத்துக்குங்க," என்றார் பலராமன். வாசலை விட்டு விலகி வழிவிட்டார்.

சாமிக்கண்ணு மூலையை நகத்தால் நெம்பினார். நகம் ஒடிந்தது. வழும்பு காய்ந்து வார்னிஷ் போலக் காகிதத்துக்குள்ளும் மரத்துக்குள்ளும் இறங்கியிருந்தது. வெந்நீர் ஊற்றினார்கள், வழும்பு உப்பி இன்னும் இறுக்கிக்கொண்டது. மண்ணெண்ணெய் தடவினார்கள், அதையும் குடித்துவிட்டு அசையாமல் இருந்தது. மரியதாஸ் பிளேடை எடுத்ததும் தணிகைவேல் அலறினார்.

"கிழியக் கூடாது! ஓர் எழுத்துக் கிழிந்தாலும் ஆவணத்தை அழித்ததாகும். முழுசாகப் பிரிக்கவேண்டும்."

"பிரிக்கிறது என் வேலை இல்லீங்க," என்றார் மரியதாஸ். "காகிதத்தைப் புடிச்சிருக்கறது பசை. பசைன்னா உயிர்ப் பிரிவு."

"பசையில டீசல் இருக்குது," என்றார் மஞ்சுளா. "உயிர் மட்டும்னா நான் பிரிச்சிருப்பேன்."

ருக்குமணி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். எதிரி வந்தாலும் தண்ணீர் கொடுக்கிற வீடு அது. நாலு பேரும் குடித்தார்கள். குடித்துவிட்டு மறுபடி சண்டை போட்டார்கள். வேலியோரம் நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கடைசியில் தணிகைவேல் தீர்ப்புச் சொன்னார். "பிரிப்புக் குழு ஒன்று அமைக்கப்படும். நாற்பத்தைந்து நாளில் அறிக்கை வரும். அதுவரை ஒரு சாக்கைத் தொங்கவிட்டு மூடி வையுங்கள், பெரியவரே. யாரும் படிக்கக் கூடாது."

"நாளன்னிக்குக் கொடி, ஐயா. எனக்கு இந்தக் கதவு சுத்தமா வேணும்."

"மூடிவிட்டால் சுத்தம்தானே?"

"மூடி வைக்கிறது உங்க உத்தியோகம். எங்க வம்சத்துல பழக்கமில்ல."

ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. பலராமன் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். தாத்தா போட்ட பலாமரக் கதவு. சுனாமியன்று கடல் அதைக் கீலோடு பிடுங்கிக்கொண்டு போய்ப் பெண்ணையாற்று முகத்துவாரத்தில் போட்டிருந்தது. ஐந்து நாள் தேடி, தலையில் சுமந்து வந்து மாட்டியது அவர்தான்.

"நம்மைப் பிரிச்சுக்கினு வரச் சொன்னான்ல," என்றார்.

"யாரு?" என்றாள் ருக்குமணி.

"சுத்தியலை எடு."

மறுநாள் பத்து மணிக்கு ஒதியம்பட்டுச் சாலையில் ஒரு குட்டி யானை வண்டி வந்து நின்றது. வலை இழுக்கிற நாலு ஆட்கள் கதவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார்கள். திருப்பத்தில் சுகன்யா ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வழிவிட்டாள். இரும்பு பீரோவை ஒட்டி, இரண்டு பிரிவுக்கும் நடுவில், எழுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கதவை நிறுத்தினார்கள்.

"இன்னாங்க இது! கதவெல்லாம் இங்க வைக்கக்கூடாது," என்றார் மஞ்சுளா.

"கதவு என்னுது. காகிதம் உங்களுது. நடுவுல இருக்கிற வழும்புல பாதி உங்களுது, பாதி அவருது. மூணையும் பிரிச்சு வச்சுட்டு ஆளனுப்புங்க. கதவை வந்து எடுத்துக்கறேன்," என்றார் பலராமன்.

"எப்படிப் பெரியவரே பிரிக்கிறது?" மரியதாஸ் நாற்காலியை விட்டு எழுந்து வந்து கேட்டார்.

"அரை மணி நேர வேலைன்னு நீங்கதானே சொன்னீங்க?" பலராமன் மடித்து வைத்திருந்த தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். "கடலு மனு குடுக்கலன்னீங்க. இது என் மனு. வாங்கிக்கினதுக்கு முத்திரை வச்சுக் குடுங்க."

முத்திரை விழும்வரை நின்றார். இம்முறையும் தோளில் துண்டு இருந்தது.

கொடியேறும் நாள் விடிந்தது. முதல் வலை பலராமன் வீட்டு வலைதான். வழும்பும் ஏறியது, அதற்கு நல்ல நாள் தெரியாது. அதை விலக்கி, விலக்கி, இரண்டு பாறை மீனும் ஒரு கூடைக் கவலை மீனும் எடுத்தார்கள். ருக்குமணி பாறையை ஏழு தண்ணீரில் கழுவி, மஞ்சள் தடவித் தாம்பாளத்தில் வைத்தாள். மேளம் வாசலில் நின்றது. தேசப்பன் நிலையைப் பார்த்தார். நிலை இருந்தது, கதவு இல்லை. கதவு இல்லாத இடத்தில் காகிதமும் இல்லை. தாத்தா போட்ட கட்டை மனசுக்குள் ஒருமுறை எழுத்தெழுத்தாக ஓட்டிப் பார்த்தார். எங்கும் இடிக்கவில்லை.

"எடுத்து வா, பலராமா," என்றார்.

வாரியத்தில் கதவு இன்னும் நிற்கிறது. மாசுப் பிரிவு அதை உயிர்ப் பிரிவின் பக்கம் தள்ளுகிறது. உயிர்ப் பிரிவு திருப்பித் தள்ளுகிறது. சுவர்ப்பக்கம் எழுத்தைத் திருப்பி வைத்தால், மூலப் பிரதியை மறைத்ததாகும் என்று குழு கருதுகிறது. மேலதிகாரிகள் வரும் நாளில் தணிகைவேல் கேனைக் காட்டியபடி கதவுக்கு முன்னால் கைகளை அகல விரித்துக்கொண்டு நிற்கிறார். அவர் அவ்வளவு நேரம் எழுந்து நின்றதை வாரியத்தில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

பனித்திட்டில் ஆடிக் காற்று நிலைவழியே நேராக அடுப்படி வரை போகிறது. ருக்குமணி இரண்டு முறை விளக்கை ஏற்றிவிட்டுக் கேட்டாள்: "புதுசா ஒரு கதவு போட்டாதான் இன்னா? திருடன் வந்தா இன்னா பண்றது?"

"திருடன் வந்தா வரட்டும்," என்றார் பலராமன். "வாரியம் வராது. ஒட்ட எடமில்ல."